விபத்து கேஸ்: நம் சிகிச்சையின் தரத்தை எதை வைத்து அளப்பது?

காஷுவாலிட்டி சிஸ்டர்

வணக்கம். நான்குவழிச் சாலையை ஒட்டிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ் நான். மாதாமாதம் மீட்டிங்கில் எங்கள் பிரிவைப் பற்றி இரண்டே விஷயம்தான் கேட்கிறார்கள்: விபத்தில் எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை சதவீதம் இறந்தார்கள். இந்த வருஷம் இறப்பு கூடியிருக்கிறது. ஆனால் டோல்கேட் பக்கம் ஒரு 108 வண்டியை நிறுத்திய பிறகு, முன்பெல்லாம் ரோட்டிலேயே உயிர் போயிருக்கக்கூடியவர்கள் நாடித்துடிப்போடு எங்களிடம் வந்து சேர்கிறார்கள். அவர்களில் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை. உடனே நம் வேலை மோசமாகிவிட்டது என்று எழுதிவிடலாமா? ராப்பகலாக ஓடும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? எதை எண்ணினால் உண்மை தெரியும்?

ட்ராமா சர்ஜன்

எழுத விடாதீர்கள் சிஸ்டர். விரல் முறிந்தவரையும் மண்டை உடைந்தவரையும் ஒரே கணக்கில் போட்டு எடுக்கிற சதவீதத்தில் ஒன்றும் தெரியாது. காயம் எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போட ஐஎஸ்எஸ் 1974-லேயே வந்துவிட்டது. அதோடு வயதையும், வந்து சேர்ந்தபோது இருந்த ஜிசிஎஸ் (நினைவு எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பெண், குறையக் குறைய மோசம்), பிபி, மூச்சு எண்ணிக்கையையும் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ட்ரிஸ் 1987-ல் வந்தது. அந்தக் கணக்கு அமெரிக்க நோயாளிகளை வைத்துப் போட்டது என்பதால் அதை நமக்குத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். பிழைத்திருக்க வேண்டியவர் யார் இறந்தார் என்று கண்டுபிடித்து, அந்த கேஸ் ஷீட்டை எல்லோரும் உட்கார்ந்து படிக்க அது போதும்.

இன்னொன்று. உங்கள் இறப்புக் கணக்கில் வராதவர்களையும் தேடுங்கள். மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் ஆனவர் வழியில் இறந்தால் அது யார் கணக்கு? இனி தேறமாட்டார் என்று சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போன பையன், புத்தகத்தில் வெறும் டிஸ்சார்ஜ்தானே? போலீஸ் கணக்கில் 30 நாளுக்குள் இறந்தாலும் சாலை மரணம். நாமும் 30-ஆம் நாள் ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன?

அப்புறம், நம் கையில் இருப்பதை அளக்க வேண்டும். ஜிசிஎஸ் 8-ம் அதற்குக் கீழும் இருந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டோம், எப்போது சிடி ஸ்கேன் எடுத்தோம், ரத்தப்போக்கு இருந்தவருக்கு அதைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி எப்போது போனது. 40 நாடுகளில் 20 ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய க்ராஷ்-2 ஆய்வை 2011-ல் மேலும் அலசியதில், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் அந்த ஊசி உயிர் காக்கிறது, அதற்குப் பிறகு கெடுதல் கூட வரலாம் என்று தெரிந்தது. வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, அடிபட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

காஷுவாலிட்டி சிஸ்டர்

அங்கேதான் சிக்கல் டாக்டர். ஏஆர் (விபத்துப் பதிவு) புத்தகத்தைப் புரட்டினால் 10.00, 10.15, 10.30 என்றுதான் இருக்கிறது. எல்லாம் கேஸ் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதுவது. அடிபட்ட நேரத்தைக் கேட்டால் கூட வந்தவருக்கே தெரியாது, பதற்றத்தில் இருப்பார்.

108 ஈஎம்டி (ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர்)

சிஸ்டர், அது எங்கள் ஷீட்டிலேயே இருக்கும். கால் வந்த நேரம், ஸ்பாட்டுக்குப் போன நேரம், ஆளை ஏற்றிய நேரம், உங்கள் வாசலுக்கு வந்த நேரம். அடிபட்ட நேரம் தெரியாவிட்டால் கால் வந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில நிமிட வித்தியாசம்தான். நடுராத்திரி யாரும் பார்க்காமல் கிடந்தவர் என்றால் மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றையும் எண்ணச் சொல்லுங்கள். வாசலுக்கு வந்த பிறகு ஸ்ட்ரெச்சர் மாற்றி ஆளை ஒப்படைக்க எவ்வளவு நேரம் ஆகிறது? எங்கள் ஸ்ட்ரெச்சர் உள்ளே மாட்டிக்கொண்டால் அடுத்த காலுக்கு வண்டி போக முடியாது. நாங்கள் எவ்வளவு வேகமாக வந்தோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை.

காஷுவாலிட்டி சிஸ்டர்

ரொம்ப நன்றி அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆபத்தான நிலையில் வருபவர்களைப் பார்க்கும் ரெட் ஏரியாவில் ஒரு பிள்ளையை நேரம் எழுதுவதற்கு மட்டுமே நிறுத்தப் போகிறேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஊசி போட்ட அந்த நிமிடத்தையே நோயாளியின் கையில் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிவிட வேண்டும், பிறகு அதிலிருந்து ஏஆர் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். டாக்டர், நைட்டில் ஆள் குறைவு. எல்லாவற்றையும் எழுத முடியாது. முதலில் எதை எழுதச் சொல்லட்டும்?

ட்ராமா சர்ஜன்

வந்தவுடன் ஜிசிஎஸ், மேல் பிபி, மூச்சு எண்ணிக்கை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் போட முடியாது. மூச்சை 20 என்று குத்துமதிப்பாக எழுத விடாதீர்கள், எண்ணி எழுதச் சொல்லுங்கள். அடுத்தது ஊசி போட்ட நேரம், சிடி எடுத்த நேரம். மற்றதைப் பகல் ஷிஃப்ட்டில் ஷீட்டைப் பார்த்து நிரப்பலாம்.