கோயில் நன்கொடை கேட்க வருகிற வாய், சொந்தத் தொழிலுக்கு ஏன் வருவதில்லை?

தூரிகைக்காரி:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கடைப் பெயர்ப்பலகை, கல்யாண அழைப்பிதழ், சுவரோவியம் வரைகிறேன். மாதச் சம்பளம் கிடையாது. வரைய எட்டு மணி நேரம் உட்காருவேன். வரைந்ததை நாலு பேருக்குக் காட்ட எட்டு நாள் தயங்குவேன். சென்ற வாரம் துணிந்து குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டேன். சித்தப்பாதான் முதலில் எழுதினார்: "அழகு! நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் ஒன்று போட்டுக் கொடு." விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. படத்தை நீக்கிவிட்டேன். நல்ல வேலை தானாகப் பேசாதா?

பாசார்மாலம் அண்ணன்:
பேசாது தங்கச்சி. இரவுச் சந்தையில் விற்கிற என் வடையும் பேசாது, நான்தான் கத்துகிறேன். நம்மூர் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்தார். அமைச்சருக்கு இல்லாத கூச்சம் உனக்கு எதற்கு?

தூரிகைக்காரி:
அவர் தொழிலாளிகளுக்காகக் கேட்டார், அண்ணா. அப்படிக் கேட்க எனக்கும் வாய் வரும். திருவிழா நன்கொடைப் புத்தகத்தோடு படியேறாத வீடில்லை. எனக்கென்று கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

லயத்து வீட்டுக்காரன்:
நான் தங்கை பக்கம். எங்கள் தோட்டத்துத் தையல்காரர் பலகையே மாட்டியதில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே "இனித் துணி எடுக்கமாட்டேன்" என்பார். கைதான் விளம்பரம்.

பாசார்மாலம் அண்ணன்:
அது தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக் காலம். ஒரு வீட்டுச் சட்டையை இருபது வீடு பார்த்தது. இன்று பிள்ளைகள் பாதிப்பேர் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும். மீதிப்பேர் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில். எந்த வாய் எந்தக் காதுக்குச் சொல்லும்?

கணக்குப்பிள்ளை:
இருவரும் சித்தப்பாவை மறந்துவிட்டீர்கள். கூச்சத்தைவிட அவர்தான் செலவு! படத்தோடு விலையையும் போட்டால் பாதி சித்தப்பாக்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பெயரைச் சொல்லத்தான் கூச்சம் என்றால் அதற்கும் வழியுண்டு. நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் அடையாள அட்டைப் பெயரில் தொழிலைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. முப்பது வெள்ளி கூடுதலாகக் கட்டி ஒளிந்துகொள்ளலாம்.

லயத்து வீட்டுக்காரன்:
ஒளிந்துகொள்பவரை யார் தேடி வருவார்? முரணாக இல்லையா?

கணக்குப்பிள்ளை:
வணிகப் பெயரைப் புகழ்ந்தால் தற்பெருமை ஆகாது, ஐயா. வடைக்குக் கத்துவது மாதிரிதான்.

தூரிகைக்காரி:
இது எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது. முடிதிருத்தும் கடைப் பலகை ஒன்று பாதியில் நிற்கிறது. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், ஒரு மூலையில் கத்திரிக்கோல். எதிர் மூலையில் வணிகப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதலாமா என்று நாளை கடைக்காரரைக் கேட்கிறேன். சுண்டுவிரல் உயரத்துக்குத்தான்.

பாசார்மாலம் அண்ணன்:
சுண்டுவிரலா? மோட்டாரில் போகிறவன் இறங்கி வந்து மூக்கை வைத்துப் பார்க்க வேண்டுமா? உள்ளங்கை அளவுக்கு எழுது.

தூரிகைக்காரி:
பலகை அவருடையது, அண்ணா. வேண்டுமானால் கட்டைவிரல்.