சிங்கப்பூர்க் கப்பலில் பெற்றோருக்கு எந்த அறை?

மேலக்காவேரி (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, பூக்கெட் ஆகிய ஊர்களுக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், எழுபது வயதைக் கடந்த அப்பாவும், முழங்கால் வலியுள்ள அம்மாவுமாக ஆறு பேருக்கு இரண்டு அறைகள் எடுக்க வேண்டும். முகவர் மூன்று ஏற்பாடுகளைச் சொல்லி, இந்த வாரத்துக்குள் முடிவு கேட்கிறார். முதலாவது, மேல் தளத்தில் கப்பலின் முன்பகுதியில் பால்கனியுடன் இரண்டு அறைகள். இரண்டாவது, கீழ்த் தளத்தின் நடுப்பகுதியில், திறக்க முடியாத ஜன்னல் மட்டும் உள்ள இரண்டு அறைகள். மூன்றாவது, அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் முறை. எல்லாவற்றிலும் இதுவே மலிவு. வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போனாலே அம்மாவுக்கு வாந்தி வரும் என்பதையும், காலையில் சூரியனைக் கும்பிடாமல் அப்பா காப்பி குடிக்க மாட்டார் என்பதையும் கணக்கில் கொண்டு உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

நாகைத் துறை (நாகப்பட்டினம்):

கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவது ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலையில் கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். அணியம், அதாவது கப்பலின் முன்முனை, எழும்போது பின்பகுதி தாழ்வது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது மற்றொன்று. முன்பின் ஆட்டத்தின் அச்சு ஏறத்தாழக் கப்பலின் நடுவில் இருப்பதால், அங்கே படுத்திருப்பவருக்கு அசைவு குறைவாகவும், இரு முனைகளில் இருப்பவருக்கு மிகுதியாகவும் தெரியும். நம் பக்கத்தில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: துலாவின் நடுப்பாகம் அசைவது கொஞ்சம், முனையில் கட்டிய சால் கிணற்றின் அடி வரை போய்வரும். பக்கவாட்டுச் சாய்விலோ உயரம் கூடக் கூட வீச்சும் கூடும். ஆகவே, உங்கள் முகவர் முதலில் சொன்ன மேல் தளத்து முன்பகுதி அறை, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் அறை; பேருந்தில் வாந்தி எடுக்கும் ஒருவரை அங்கே படுக்க வைப்பது நியாயமில்லை.

ஜன்னலையும் நான் வீண் செலவாகக் கருதவில்லை. உட்செவி அசைவை உணரும்போது கண் அசைவைக் காணாவிட்டால் மூளை குழம்பிக் குமட்டல் வருகிறது. தொடுவானம் கண்ணில் பட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தணியும். ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போய்வரும் மெதுவான ஆட்டம்தான் மனிதர்களை மிகவும் வாட்டுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கடலில் நங்கூரமிட்டு நின்ற எம்.வி. சிதம்பரத்துக்குப் படகில் போய் ஏறிச் சிங்கப்பூர் சென்ற என் பெரியப்பாவுக்கு அறையே கிடையாது. தளப் பயணியாகப் பாய் விரித்துப் படுத்தவர் அவர். 1985-இல் தீ விபத்து நேர்ந்து அந்தக் கப்பல் நிற்கும் வரையில் அப்படிப் போனவர்கள் நாகூரிலும் நாகையிலும் ஏராளம். அவர்களும் நடுப்பகுதியில் இடம்பிடிக்கத்தான் முண்டியடித்தார்கள் என்று பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மன்னைக் காற்று (மன்னார்குடி):

ஐயா சொன்ன இயற்பியலில் பிழை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது எந்தக் கடலுக்கு, எந்தக் கப்பலுக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எம்.வி. சிதம்பரம் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்த கப்பல். நண்பர் போகவிருப்பதோ மலாக்கா நீரிணை வழியாக. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் நம் கரையையும் தென்சீனக் கடலையும் புரட்டிப் போடலாம்; ஆனால் ஒரு பக்கம் மலாய்த் தீபகற்பமும் மறு பக்கம் சுமத்ராவும் அரணாக நிற்கும் அந்த நீரிணையில் பெரிய அலை எழுவதற்குப் போதிய வெளியே கிடையாது. பூக்கெட்டுக்கும் டிசம்பர் என்பது வறண்ட, கடல் அடங்கிய பருவம்; அங்கே கொந்தளிப்பு தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில்தான். கப்பலையும் பாருங்கள்: சிங்கப்பூரிலிருந்து இந்த வழியில் ஓடியிருக்கும் கப்பல்களில் ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர் நீளம், ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 347 மீட்டர் நீளம். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு விடப்பட்ட சிறிய கப்பலில் ஆடியதை வைத்து இவற்றை எடை போடக்கூடாது. மேலும் இவற்றில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உண்டு.

ஆட்டம் என்ற பூச்சாண்டி போய்விட்டால், மீதமிருப்பது எதற்காகக் கடலுக்குப் போகிறோம் என்ற கேள்விதான். திறக்காத கண்ணாடி வழியே கடலைப் பார்ப்பதற்கும், வெளியே நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, ஆற்றங்கரைத் திண்ணையில் உட்கார்ந்து பழகிய அப்பாவிடமே கேளுங்கள். முன்பகுதி மட்டும் வேண்டாம். மேல் தளத்திலேயே நடுப்பகுதியில் பால்கனி கேளுங்கள்.

கீழவாசல் முகவர் (தஞ்சாவூர்):

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இருவரும் வீண் சண்டை போடுகிறீர்கள். விடிந்ததும் சாப்பாட்டுக் கூடம், பிறகு நீச்சல் குளம், பிறகு கரை, இரவில் நாடகம் என்று சுற்றும் குடும்பம் அறையில் இருப்பது தூங்கும் நேரத்தில் மட்டும். மூன்றாவது ஏற்பாட்டை எடுத்தால் அறை எண் கடைசியில்தான் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எந்த வகைக்குப் பணம் கட்டினீர்களோ அதற்குக் குறைந்த வகையைத் தரமாட்டார்கள், சில வேளைகளில் மேலான வகையும் கிடைக்கும். மிச்சமாகும் தொகையில் பினாங்கில் நல்ல வண்டி அமர்த்திக் குடும்பத்தோடு ஊரைச் சுற்றிவரலாம்.

மாயவரத்து மருமகள் (மயிலாடுதுறை):

கீழவாசல் ஐயா, தனியாகப் போகும் இளைஞருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவருக்குப் பொருந்தாது, அதை ஒரு முகவர் சொல்லாமல் விடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நிறுவனமே ஒதுக்கும் முறையில் இரண்டு அறைகள் எடுத்தால், அவை பக்கத்துப் பக்கத்தில் வரும் என்பதற்கு யாரும் உறுதி தருவதில்லை. ஒன்று முன்பகுதியிலும் மற்றொன்று இரண்டு தளம் தள்ளிப் பின்பகுதியிலும் அமையலாம். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில், முழங்கால் வலியோடு அந்த அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த நடைகூடத்தை அளப்பார்?

நாங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டு கப்பலில் போனபோது, ஆட்டத்தால் ஒரு சிரமமும் இல்லை. சத்தம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. எங்கள் அறைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம். விடிவதற்கு முன்பே அங்கே நாற்காலிகளை இழுத்து அடுக்கத் தொடங்குவார்கள், அந்தக் கரகரப்பு கூரை வழியாக அப்படியே இறங்கும். கப்பல் நிறுவனத்திடம் புகார் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் தள வரைபடம் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருந்தது. அதனால் என் கருத்து இதுதான்: அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைவிட, அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மேல் தளத்தின் வரைபடத்தையும் கீழ்த் தளத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருந்தால் அது நல்ல இடம். மேலே சமையற்கூடம், உணவுக்கூடம், நீச்சல் குளம் இருந்தாலோ, கீழே நாடக அரங்கம், நடனக்கூடம் இருந்தாலோ அந்த அறை வேண்டாம். வரைபடத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் கட்டங்களையும் நம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் பணியாளர்களின் சாமான் அறைகள் இருக்கும், வண்டிகள் உருளும், கதவுகள் அடித்துச் சாத்தும்.

லிஃப்டுக்கு அருகில் அறை வேண்டும், ஆனால் லிஃப்டின் வாசலுக்கு எதிரில் வேண்டாம். சில கதவுகள் தள்ளி எடுத்தால் போதும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: குளியலறை வாசலில் நிலைப்படி எவ்வளவு உயரம் என்று. சில கப்பல்களில் அது காலை நன்றாகத் தூக்கி வைக்க வேண்டிய உயரத்தில் இருக்கும்.

நாகைத் துறை (நாகப்பட்டினம்):

மாயவரத்து அம்மா சொன்ன சத்தத்தோடு இயந்திரங்களின் சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைவது அதிகாலையில். அப்போது அணியத்தின் அடியில் பக்கவாட்டாகத் தள்ளும் உந்திகள் இயங்கும். முன்பகுதியின் கீழ்த் தளங்களில் படுத்திருப்பவர்களுக்குச் சுவரே அதிர்வது போல இருக்கும். பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல கரையை ஒட்டாமல் பட்டோங் விரிகுடாவில் நங்கூரம் இறக்கி நிற்கின்றன. சங்கிலி ஓடும் ஓசைக்கு முன்பகுதியில் யாரும் தூங்க முடியாது. பின்பகுதியில் உந்துசுழலிகளின் அதிர்வு. பல புதிய கப்பல்களில் அது குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை.

மன்னைத் தம்பிக்கு ஒன்று. நீரிணை அடக்கமான கடல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டெபிலைசரைச் சொல்லி யாரையும் தேற்றாதீர்கள். இரு பக்கமும் நீருக்குள் நீளும் அந்தத் தகடுகள் பக்கவாட்டுச் சாய்வைத்தான் அடக்கும், அதுவும் கப்பல் வேகத்தில் ஓடும்போதுதான். முன்பின் ஆட்டத்தில் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அமைதியான கடலிலும் ஒரு நாள் காற்று மாறலாம். அந்த ஒரு நாளில் வாந்தி எடுக்கப்போவது பால்கனி கேட்ட நீங்கள் அல்ல, அந்த அம்மா.

மன்னைக் காற்று (மன்னார்குடி):

ஒரு நாள் காற்று மாறலாம் என்பதற்காக எல்லா நாளும் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரச் சொல்கிறீர்கள், ஐயா. நீங்களே பட்டோங்கைக் குறிப்பிட்டதால் கேட்கிறேன்: அங்கே கப்பலின் கீழ் வாசலிலிருந்து ஆடும் சிறு படகில் கால் வைத்து இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் அதற்குத் துணிவாரா? துணியாவிட்டால் பிள்ளைகள் கரையில் திரியும் பகல் முழுவதும் அவர் கப்பலிலேயே இருப்பார். அவருக்குப் பூக்கெட் என்பது அந்த அறையிலிருந்து தெரிவது மட்டும்தான். அதற்காகவாவது பால்கனி வேண்டும்.

மேலக்காவேரி (கும்பகோணம்):

மன்னை நண்பர் சொன்ன பட்டோங் படகு விவரம் எங்களுக்கு முகவர் சொல்லாதது. வரைபடத்தைப் பார்த்ததில் இன்னொரு வழி தெரிகிறது. நடுத் தளங்களில் ஒன்றில், நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள இடத்தில் ஒரு பால்கனி அறையும், நடைகூடத்துக்கு எதிர்ப்புறம் ஜன்னல் இல்லாத நான்கு பேர் அறை ஒன்றும் காலியாக இருக்கின்றன. பெற்றோருக்குப் பால்கனி, எங்களுக்கு உள்ளறை என்று எடுத்தால், இரண்டு பால்கனி அறைகளைவிடச் செலவு குறைகிறது. பெரியவர்களை ஜன்னல் இல்லாத அறையில் போட்டோம் என்று ஊரில் பேச்சும் வராது. அப்பாவின் சூரியனுக்கு எந்தப் பக்கம் எடுப்பது?

நாகைத் துறை (நாகப்பட்டினம்):

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறத்தாழ வடமேற்காகப் போகும். போகும்போது வலப்பக்கம் மலேசியக் கரை, இடப்பக்கம் சுமத்ராவின் திசை. எனவே உதயம் வலப்பக்கத்துப் பின்புறத்திலும், அஸ்தமனம் இடப்பக்கத்திலும் தெரியும். திரும்பும்போது இது தலைகீழாகும். நீரிணையில் கப்பல்கள் அவரவர் வலப்புறப் பாதையில் செல்வதால், போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் எதிரே வரும் எண்ணெய்க் கப்பல்களையும் பெட்டிக் கப்பல்களையும் வரிசையாகப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அப்பாவுக்கோ போகும் வழியில் வலப்பக்கமே ஏற்றது. பினாங்கில் எந்தப் பக்கம் கரையை ஒட்டும் என்பது கப்பல் தலைவரின் முடிவு. பட்டோங்கில் நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மெதுவாகத் திரும்பும் என்பதால், கரை இரு பக்கத்தாருக்கும் மாறி மாறித் தெரியக்கூடும். ஒற்றை எண் எந்தப் பக்கம், இரட்டை எண் எந்தப் பக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வரைபடத்தில் அணியம் எந்தத் திசை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பால்கனிக்கு நேர் கீழே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் கடலுக்குப் பதிலாகப் படகின் கூரை தெரியும். என்னைக் கேட்டால் இன்னமும் கீழ்த் தளத்து ஜன்னல்தான். ஆயினும் நடுப்பகுதி, நடுத்தளம் என்பதால் இதை எதிர்த்து நிற்க மாட்டேன்.

மாயவரத்து மருமகள் (மயிலாடுதுறை):

உள்ளறை விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்தது தெரியாமல் பிள்ளைகள் தூங்குவார்கள். நால்வர் அறையில் பெட்டிகள் வைக்க இடம் போதாது என்பதால் பாதிப் பெட்டிகளைப் பெரியவர்கள் அறையில் வைத்துவிடுங்கள். பால்கனிக் கதவுக்குப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஏறியவுடன் பார்ப்பது அவசியம். தாத்தா அறைக்குத்தான் அவர்கள் எப்போதும் ஓடுவார்கள்.

கீழவாசல் முகவர் (தஞ்சாவூர்):

அறை எண்களை உங்கள் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு அறைகளுக்கும் தனித்தனிப் பதிவு எண் வந்தால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டு மேசையில் பிரித்து உட்கார வைப்பார்கள்.

நாகைத் துறை (நாகப்பட்டினம்):

கேட்க மறந்தது ஒன்று. அப்பாவுக்குக் கும்பகோணத்து வெற்றிலைப் பழக்கம் உண்டா? உண்டென்றால், கீழ்த் தளத்துப் பால்கனியிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை ஊரிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

மேலக்காவேரி (கும்பகோணம்):

உண்டு, ஐயா. சொல்லிவிட்டேன். போகும்போது வலப்பக்கமாக அமையும் பால்கனி அறையையும் அதற்கு எதிர் உள்ளறையையும் நிறுத்தி வைக்கும்படி முகவருக்கு எழுதியிருக்கிறேன். பால்கனிக்குக் கீழே படகு இல்லை என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொண்டேன்.