அடக்கி வாசித்த சார்லி வாட்ஸ்: கேட்டவர்களின் அனுபவங்கள்

பெங்களூர்வாசி எழுதியது:

ராக் டிரம்மர்களைப் பற்றிய இந்தப் பகிர்வில் இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஜான் பான்ஹாமையும் கீத் மூனையுமே கொண்டாடியிருக்கிறார்கள். இருவரும் 1980 முடிவதற்குள் இறந்துவிட்டதால் ஒலிப்பதிவை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நான் நேரில் கேட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். 1963 ஜனவரியில் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவில் சேர்ந்து, 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் இறக்கும்வரை அந்த இருக்கையை விட்டுக்கொடுக்காத சார்லி வாட்ஸ்தான் அவர்.

அந்தக் குழு 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. சார்ஸ் தொற்றுநோய் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. பெய்ஜிங், ஷாங்காய் நிகழ்ச்சிகள் ரத்தாகிவிட்ட செய்தி வந்திருந்ததால், கையில் டிக்கெட் இருந்தும் அவர்கள் மேடையேறும்வரை எங்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. பாடகர் மிக் ஜாகர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் கண்களும் அவரோடு ஓடின. கல்லூரி நாட்களில் சுமாராக டிரம்ஸ் வாசித்தவன் என்பதால் என் பார்வை பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருந்தவரிடமே போய்ப் போய் நின்றது.

எங்கள் கல்லூரிக் குழுக்களில் டிரம்மர் என்றால் ஏழெட்டு டிரம்களைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு, நிகழ்ச்சியின் நடுவே மற்றவர்களை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் தனியாக வெளுத்து வாங்குவார். வாட்ஸின் முன்னால் இருந்தவையோ காலால் அடிக்கும் ஒரு பேஸ் டிரம், கூர்மையாக ஒலிக்கும் ஒரு ஸ்னேர் டிரம், இரண்டு டாம் டிரம்கள், சிம்பல் எனும் உலோகத் தட்டுகள் சில, அவ்வளவுதான். என்னுடன் வந்த நண்பர் நிகழ்ச்சி முழுவதும் "தனி எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது வரவே இல்லை. வாட்ஸுக்கு டிரம் சோலோ என்றாலே பிடிக்காது என்பதையும், ஸ்டோன்ஸ் மேடையில் அவர் தனி ஆவர்த்தனம் வாசிப்பதில்லை என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அன்று என்னை அசத்திய விஷயம் வேறு. பொதுவாக ஒரு குழுவில் டிரம்மர் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொடுக்க, மற்றவர்கள் அதன் மேல் நடப்பார்கள். இங்கே கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் முன்னால் போக, வாட்ஸ் அதைக் கவனித்துச் சற்றே தாமதமாக வந்து சேர்ந்துகொண்டார். குழுவின் பழைய பேஸ் கலைஞர் பில் வைமனும் பேட்டிகளில் இதையே சொல்லியிருக்கிறார்: ஸ்டோன்ஸில் டிரம்மரைக் குழு பின்தொடர்வதில்லை, டிரம்மர் கிதாரைப் பின்தொடர்கிறார். அதனால் அவர்களுடைய தாளம் எந்த நேரத்திலும் கவிழ்ந்துவிடும் போலத் தள்ளாடும், ஆனால் கவிழாது. அந்தத் தள்ளாட்டத்தைக் குறை என்று சொல்பவர்களுடன் நான் வாதம் செய்வதில்லை, ஏனென்றால் சீராகத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவிக்குக் கட்டுப்பட்டு வாசித்திருந்தால் அந்தப் பாடல்கள் பாதி செத்துப்போயிருக்கும்.

இறுதியில் ஜாகர் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியபோது மிக நீண்ட கைதட்டல் வாட்ஸுக்குத்தான் கிடைத்தது. அவர் எழுந்து நின்று, யாரோ வேறு ஒருவருக்கான பரிசைத் தவறுதலாகத் தன்னிடம் கொடுத்துவிட்டதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

தாளக்காரன் எழுதியது:

சென்னையில் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் எனக்கு அவரை நேரில் கேட்கும் வாய்ப்பு அமையவில்லை. ஆனால் என் வகுப்பில் அவரைச் சந்திக்காத வாரமே இல்லை என்று சொல்லலாம். பெங்களூர்வாசி குறிப்பிட்ட அந்தத் தாமதத்துக்குக் கையில் ஒரு காரணம் இருக்கிறது.

சாதாரண ராக் தாளத்தில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு வலது கை எட்டு முறை ஹை-ஹேட்டை, அதாவது காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலை, தட்டும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் இடது கை ஸ்னேரில் விழும். அந்த இரண்டு இடங்களிலும் இரு கைகளும் சேர்ந்து விழுவதுதான் எல்லோரும் கற்றுக்கொள்ளும் வழி. வாட்ஸ் அந்த இடங்களில் வலது கையை ஹை-ஹேட்டிலிருந்து தூக்கிவிடுவார். எட்டுத் தட்டு ஆறாகிவிடும். ஸ்னேர் மட்டும் துணையில்லாமல் துல்லியமாகக் கேட்கும். கை மேலே போய் இறங்குவதற்குள் ஒரு மயிரிழை இடைவெளி பிறக்கிறது. அவருடைய வாசிப்பில் இருக்கும் ஊசலுக்கு அந்த இடைவெளியே காரணம் என்பது என் கணிப்பு. நிகழ்ச்சிப் பதிவுகளில் கேமரா அவர் வலது மணிக்கட்டை நெருங்கும்போது இது மிகத் தெளிவாகத் தெரியும்.

எட்டு தட்டிப் பழகிய மாணவரை ஆறு தட்டச் சொன்னால், முதலில் பேஸ் டிரம் கால் நின்றுவிடும், பிறகு இடது கை முந்திக்கொள்ளும். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். வாட்ஸ் இடது குச்சியை உள்ளங்கை மேல்நோக்க, ஜாஸ் கலைஞர்களின் பழைய பிடியில் பிடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பாதிப் பேர் அடுத்த வாரம் வேறு பாடம் கேட்பார்கள்.

அவரால் முடியாததும் உண்டு. 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாடலின் தாளம் அவருக்குப் பிடிபடாததால், தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரே உட்கார்ந்து வாசித்தார்; இசைத்தட்டில் நாம் கேட்பது மில்லரின் டிரம்ஸ்தான். 1969இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாடலின் தொடக்கத்தில் வரும் கௌபெல் என்ற மணியோசையும் மில்லருடையதே. அந்த மணியும் வாட்ஸின் டிரம்ஸும் சரியாகப் பொருந்தவில்லை, பாடல் போகப் போக வேகமும் கூடிவிடுகிறது. இன்றைய ஸ்டுடியோவாக இருந்தால் கணினியில் இழுத்து நேராக்கியிருப்பார்கள். நல்லவேளை, அப்போது அந்த வசதி இல்லை.

லண்டன்வாசி எழுதியது:

நான் கேட்டது இன்னொரு வாட்ஸை. 2001 ஜூனில் லண்டன் சோஹோவின் ஃப்ரித் தெருவிலுள்ள ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் விடுதியில் அவர் தன் பத்துப் பேர் குழுவுடன் வாசித்தார். அந்தப் பதிவு 2004இல் ஆல்பமாக வந்தது. மைதானங்களை நிரப்பியவரைச் சில மேசைகளுக்கு அப்பால், குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் ஸ்னேரின் தோலைத் தேய்க்கும் ஓசைகூடக் காதில் விழும் தூரத்தில் கேட்டேன். ராக் வாட்ஸுக்கும் ஜாஸ் வாட்ஸுக்குமான வித்தியாசத்தை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அங்கே கிதாரைக் கவனித்த அதே காது இங்கே சாக்ஸபோனைக் கவனித்தது.

அன்று பேஸ் வாசித்த டேவ் கிரீன் சிறுவயதில் வெம்ப்ளியில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தார்கள். முதலில் ஒரு பாஞ்சோ வாங்கிய வாட்ஸ், அதன் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சிய வட்டத்தைப் பிரஷ்ஷால் தட்டிப் பழகினார். ஓவியப் பள்ளியில் படித்து விளம்பர வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றி அவர் வரைந்து எழுதிய சிறு புத்தகம் 1964இல் வெளிவந்தது. ராக் அவருக்கு வாய்த்த வேலை. ஜாஸ் அவர் தேர்ந்தெடுத்த காதல். அந்த வேலையை ஏறக்குறைய 60 ஆண்டுகள் குறைவின்றிச் செய்தார்.

சுற்றுப்பயண வாழ்க்கை அவருக்குப் பிடித்ததே இல்லை. 1967 முதல், தங்கிய ஒவ்வொரு ஓட்டல் அறையின் கட்டிலையும் படமாக வரைந்து வைத்தார். 1964இல் மணந்த ஷெர்லியுடனேயே கடைசிவரை வாழ்ந்தார். டெவன் கிராமப்புறத்தில் இருவரும் அரபுக் குதிரைகளை வளர்த்தார்கள். கார் ஓட்டவே தெரியாதவர் பழங்காலக் கார்களை வாங்கி வைத்திருந்தார் என்பதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். 1980களின் நடுவில் குடியும் போதைப்பொருளும் அவரையும் பிடித்தன. ஒயின் எடுக்க நிலவறைக்கு இறங்கியபோது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட பிறகு அவற்றை விட்டொழித்தார். 2004இல் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, அடுத்த ஆண்டே சுற்றுப்பயணத்துக்குத் திரும்பினார். அவர் ஜாகரை அடித்ததாகக் கீத் ரிச்சர்ட்ஸ் சொல்லும் கதையை இங்கேயும் யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அந்த ஓர் இரவைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை என்பதுபோல அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தாளக்காரன் எழுதியது:

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று இருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். 1969 நவம்பரில் பெரும்பாலும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவான 'கெட் யெர் யா-யாஸ் அவுட்' நேரடி ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அட்டையில் ஒரு கழுதையின் பக்கத்தில் கிதார்களுடன் துள்ளிக் குதிப்பவர் வாட்ஸ்தான். முதல் முறை கேட்கும்போது பாட்டை விட்டுவிடுங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இரண்டிலும் நான்கிலும் ஹை-ஹேட் எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.