எரிபொருள் தீர்ந்து சறுக்கும் விமானத்துக்குக் கடைசியில் உயரம் மிஞ்சுவது ஏன்?

மேகவழி (கேள்வி):

ஏர் டிரான்சாட் 236 விவகாரத்தில் ஒரு கணக்கு உதைக்கிறது. 2001 ஆகஸ்ட் 24, டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர்பஸ் ஏ330 விமானம் அது. அட்லாண்டிக் மேலே எரிபொருள் கசிந்து தீர்ந்து, இரண்டாவது இன்ஜினும் அணைந்தபோது உயரம் 34,500 அடி. அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜஸ் தளத்துக்கு 65 கடல் மைல் பாக்கி. 34,500 அடி என்பது சுமார் 5.7 கடல் மைல். சறுக்கு விகிதம் (ஒரு மைல் இறங்குவதற்குள் முன்னே போகும் மைல்) 17 என்று வைத்தால் 96 மைல் போகலாம். 30 மைல் கையிருப்பு. ஓடுபாதைக்கு ஏறக்குறைய 8 மைல் இருக்கையில் இன்னும் 13,000 அடியில் இருந்ததால், ஒரு முழு வட்டம் போட்டு உயரத்தைக் கரைத்திருக்கிறார்கள். 1983இல் எரிபொருள் தீர்ந்து கனடாவின் கிம்லியில் இறங்கிய ஏர் கனடா 143க்கும் கடைசியில் உயரம் அதிகம்தான்.

இரண்டு பேருக்குமே கணக்கு பிசகியதா, அல்லது வேண்டுமென்றே இப்படித்தான் வருவார்களா? இன்ஜின் இல்லாதபோது சுக்கானை அசைக்க ஹைட்ராலிக் (குழாய்த் திரவ) அழுத்தம் எங்கிருந்து வருகிறது? அவ்வளவு எரிபொருள் போகும்வரை கசிவு ஏன் பிடிபடவில்லை?

சுக்கான்:

வேண்டுமென்றேதான். மிஞ்சிய உயரத்தைக் கரைக்கப் பல வழி உண்டு. குறைந்த உயரத்தைக் கூட்ட ஒரு வழியும் கிடையாது. அதனால் ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்வரை ஒரு அடியைக்கூட வீணாக்க மாட்டார்கள்.

அந்த 17 என்பது சக்கரம் உள்ளே, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) மடங்கியபடி, சரியான வேகத்தில், நேர்கோட்டில், காற்றில்லாமல் கிடைக்கும் எண். நின்ற இன்ஜினின் விசிறி காற்றில் சுழன்றுகொண்டே இழுக்கும். திரும்பும்போதும் உயரம் போகும், எதிர்க்காற்று தூரத்தைத் தின்னும். கிம்லி விமானத்தில் துணை விமானி மாரிஸ் குவின்டல், ரேடாரில் கிடைத்த தூரத்தையும் உயரமானியையும் வைத்துக் கணக்குப் போட்டார்: 10 கடல் மைலுக்கு 5,000 அடி போயிருந்தது. விகிதம் வெறும் 12. அந்தக் கணக்குதான் வின்னிபெக் எட்டாது என்று காட்டியது. 17 மாதிரி எண்ணை நம்பிப் போயிருந்தால் வழியில் எங்கோ விழுந்திருப்பார்கள்.

எடையைப் பற்றி ஒன்று, பலர் தவறாக நினைப்பது. எடை கூடினால் சறுக்கு விகிதம் குறையாது. அதே விகிதத்தைப் பெறுவதற்கான வேகம்தான் கூடும். கிம்லி விமானத்தின் கேப்டன் ராபர்ட் பியர்சன் அந்த வேகத்தை 220 நாட் (மணிக்கு 220 கடல் மைல்) என்று தன் அனுபவத்தில் ஊகித்துப் பிடித்தார்.

உயரத்தைக் கரைப்பதில் வட்டம் போடுவதற்கு ஒரு தொல்லை உண்டு: தொடங்கினால் பாதியில் விட முடியாது, முடிக்கும்போது ஓடுபாதை எந்தக் கோணத்தில் தெரியும் என்பதும் முன்கூட்டியே சரியாக வர வேண்டும். 3 பாகைச் சரிவில் 8 மைலுக்கு 2,500 அடி போதும். லாஜஸில் 13,000 இருந்ததால் வட்டத்துக்கு இடம் இருந்தது. கிம்லியில் அவ்வளவு உயரமும் இல்லை, அப்படியே நேராக இறங்கவும் முடியாது. பியர்சன் சைடுஸ்லிப் (பக்கவாட்டுச் சறுக்கல்) போட்டார். சுக்கானை ஒரு பக்கம் மிதித்து, இறக்கையைச் சாய்க்கும் எய்லரானை எதிர்ப்பக்கம் திருப்பினால் விமானம் திரும்பாது. உடம்பைப் பக்கவாட்டில் காற்றுக்குக் காட்டியபடி, வேகம் ஏறாமல் கிடுகிடுவென இறங்கும். கிளைடர் (இன்ஜின் இல்லா விமானம்) ஓட்டுபவர்கள் செய்வது. அவர் கிளைடர் ஓட்டியவர்.

திருகுமரை:

ஹைட்ராலிக் கேள்விக்கு: ராம் ஏர் டர்பைன். விமானத்தின் அடியில் மடங்கிக் கிடக்கும் சின்னக் காற்றாடி. இரண்டு இன்ஜினும் போனதும் தானாக வெளியே விழுந்து, எதிரே வரும் காற்றில் சுழன்று, முக்கியமான கன்ட்ரோல்களுக்கு மட்டும் அழுத்தம் தரும். வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறையும், அதாவது தரைக்குப் பக்கத்தில், அதிகம் தேவைப்படும் நேரத்தில். கிம்லியில் கடைசி நிமிடங்களில் கன்ட்ரோல்கள் இறுகிப்போனது இதனால்தான். வால் பகுதியில் உள்ள ஏபியூவை (சின்னத் துணை இன்ஜின்) போடலாமே என்று கேட்பார்கள். அதுவும் அதே டாங்கிலிருந்துதான் குடிக்கிறது.

கசிவு பற்றி. 236இல் வலது இன்ஜின் சில நாட்களுக்கு முன்தான் மாற்றப்பட்டிருந்தது. அதில் பொருத்தப்பட்ட ஹைட்ராலிக் குழாய் அந்த இன்ஜினின் எரிபொருள் குழாயோடு பொருந்தாத வகை. இரண்டும் உரசி, எரிபொருள் குழாயில் விரிசல் விழுந்தது. இந்த மாதிரி இடத்தில் குழாயை இழுத்துப் பிடித்து இடைவெளி வந்துவிட்டதாகக் காட்டலாம். ஆனால் அழுத்தம் ஏறியதும் அது பழைய இடத்துக்கே போய்விடும்.

முதலில் தெரிந்த அறிகுறி எரிபொருளில் இல்லை. வலது இன்ஜினில் ஆயில் வெப்பம் குறைவு, ஆயில் அழுத்தம் அதிகம். எரிபொருளும் ஆயிலும் ஒரே வெப்பமாற்றி வழியாகப் போகின்றன. வழக்கத்தைவிட அதிகமான குளிர்ந்த எரிபொருள் ஓடியதால் ஆயில் குளிர்ந்தது. இதைப் பார்த்துக் கசிவு என்று ஊகிப்பது ரொம்பக் கடினம். அடுத்து இறக்கை டாங்குகளுக்கு இடையே சமமின்மை வந்தது. விமானத்தின் சமநிலைக்காக வால் பக்கத்தில் உள்ள டிரிம் டாங்கிலிருந்து எரிபொருள் முன்னே வந்துகொண்டிருந்ததால் அதுவும் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்போது ஒரு பக்க டாங்கிலிருந்து மறுபக்க இன்ஜினுக்கு எரிபொருள் விடும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்தார்கள். இடது டாங்கின் நல்ல எரிபொருளும் உடைந்த குழாய் வழியே கடலுக்குப் போனது.

சமமின்மை என்றாலே கிராஸ்ஃபீட் என்று கை போகக் கூடாது. முதலில் கூட்டல்: டாங்கில் இருப்பது + இன்ஜின்கள் எரித்தது = புறப்படும்போது இருந்தது. இன்ஜினுக்குள் போகும் எரிபொருளை அளக்கும் ஃபுளோ மீட்டருக்கு முன்னாலேயே கசிந்தது அதில் பதிவாகாது, அதனால் கூட்டுத்தொகை குறையும். குறைந்தால் வால்வு மூடியே இருக்க வேண்டும். ஒரு இன்ஜினை இழந்தாலும் மற்றதற்கு எரிபொருள் மிஞ்சும்.

கணக்கன்:

கிம்லியில் கசிவே இல்லை, புறப்படும்போதே பாதிதான் இருந்தது. அளவுமானி வேலை செய்யாததால் மான்ட்ரியலில் குச்சியால் அளந்தார்கள்: 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. ஒரு லிட்டர் 0.803 கிலோ என்பதால் இருந்தது 6,169 கிலோ. இன்னும் 20,088 லிட்டர் ஏற்றியிருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77ஆல். அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். 13,597 'கிலோ' இருப்பதாக வந்தது, 4,917 லிட்டர் போதும் என்று முடிந்தது. புறப்பட்டபோது 22,300 பவுண்டு, அதாவது சுமார் 10,100 கிலோ. ஒட்டாவாவில் மறுபடி குச்சி போட்டார்கள், பெருக்கியது அதே தவறான முறையில்தான். மறுசோதனையால் பயன் வர வேண்டுமானால் வேறு வழியில் கணக்குப் போட வேண்டும்.

22,300 என்று கையால் தட்டிய எண்ணிலிருந்துதான் விமானக் கணினி மீதியைக் கழித்துக்கொண்டே வந்தது. 41,000 அடியில் பம்ப் அழுத்த எச்சரிக்கை ஒலித்தபோதும் திரையில் எரிபொருள் தாராளம்.

2000 ஜூலை 12இல் ஹபாக்-லாய்ட் 3378க்கும் இதே நோய். சக்கரம் உள்ளே போகாமல் பறந்த ஏ310. கீழே தொங்கும் சக்கரத்தின் இழுவையைக் கணக்கில் எடுக்காத கணினியின் மதிப்பீட்டை நம்பி, வியன்னா ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே தரை தட்டியது. உயிர்ச்சேதம் இல்லை.

மேகவழி:

கூட்டல் சோதனை தெளிவாகிவிட்டது, நன்றி. தரை தொட்ட பிறகு நிறுத்துவது எப்படி? இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸும் இல்லையே.

சுக்கான்:

ரிவர்ஸ் இல்லை, வழக்கமான பிரேக் அழுத்தமும் இல்லை. சேமித்து வைத்த அழுத்தம் அக்யூமுலேட்டரில் இருக்கும். சில மிதிகளுக்கு மட்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டிஸ்கிட் இல்லாமல். 236 தரை தொட்டது ஏறக்குறைய 200 நாட்டில். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர்கள் கிழிந்தன, ஆனாலும் ஓடுபாதைக்குள்ளேயே நின்றது. 306 பேரும் பிழைத்தார்கள். கிம்லியில் சக்கரங்களை வெறும் எடையால் கீழே விழவிட்டார்கள். முன் சக்கரம் எதிர்க்காற்றில் முழுதாக விழுந்து பூட்டவில்லை. தரை தொட்டதும் அது மடங்கியது, மூக்கு தார்மேல் தேய்ந்துகொண்டே போனது. அந்தப் பழைய விமானப்படை ஓடுபாதையில் அன்று கார்ப் பந்தயக் கூட்டம் இருந்தது. மூக்கு தேய்ந்த உராய்வுதான் விமானம் அவர்களை எட்டுமுன் நிற்க உதவியது.