நிமிர்ந்த வீடியோ, படுத்த திரை: தீமிதியை எப்படிக் காட்டுவது?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): தோட்ட மண்டபத்துத் திரை 8 அடி அகலம், அகல-உயர விகிதம் 16:9. பழைய வி.எச்.எஸ். நாடா 4:3. புதிய தீமிதி எல்லாம் கைப்பேசியில் நிமிர்த்தி எடுத்தது. திரை நிறைய இழுத்துவிடலாமா?

செம்பனை: இழுக்காதீங்கண்ணே. 4:3-ஐ இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். ஒல்லிப் பூசாரியும் பூசணிக்காய்தான். வெட்டினால் உயரத்தில் கால்வாசி போகும், முதலில் போவது தலைக்கரகம். 6 அடி அகலத்தில் நடுவே காட்டி, இருபுறமும் கறுப்பாக விடுங்கள். நாடாவைக் கணினிக்கு மாற்றினால் 720×576 புள்ளிகள் (பிக்சல்) என்று வரும். அதை 768×576 ஆக்காவிட்டால் ஆள் ஒடுங்கிப்போவார்.

பால்மரம்: நிமிர்ந்ததுதான் தலைவலி. 1080×1920-ஐ 16:9-க்கு வெட்டினால் மிஞ்சுவது 1080×607, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டாமல் வைத்தால் அகலம் இரண்டரை அடி. இரண்டு கைப்பேசிக் காட்சிகளை நேரம் பொருத்திப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருபுறமும் மங்கலாக்கிய பின்னணி வைத்து நிரப்ப வேண்டாம், கண் அங்கேயே ஓடும். நிமிர்ந்த காட்சிச் சட்டம் ஓர் ஆளைத்தான் காட்டும். தீக்குழியின் நீளமும் இருமருங்குக் கூட்டமும் விடுபடுவதால், நடந்த தூரமே உறைக்காது.

கேள்வி: அப்போ அடுத்த வருசம் படுக்க வைத்தே எடுக்கணுமா?

செம்பனை: பக்கவாட்டில் நின்றால் ஆமாம். குழியின் முனையில் நேர் எதிரே நின்றால் நிமிர்த்தலாம். அங்கே நீளம் கீழிருந்து மேலாக ஏறும்.