ஓட்டம் முடிஞ்ச மறுநாள்

களியக்காவிளையிலிருந்து ஒருவர்:

இந்த மாசி சிவராத்திரிக்கும் சிவாலய ஓட்டம் ஓடினேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: குமரி மாவட்டத்துல முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோயில். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல வரும். காவி வேட்டி, கையில பனையோலை விசிறி, இடுப்புல திருநீற்றுப் பொட்டணம். ஒவ்வொரு கோயில்லயும் குளத்துல முங்கி, ஈர வேட்டியோட கும்பிட்டுட்டு அடுத்த கோயிலுக்கு ஓடணும். வழி முழுக்க "கோவிந்தா, கோபாலா"தான். சிவனைப் பாக்கப் போறவன் எதுக்குய்யா கோவிந்தனைக் கூப்பிடுறான்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. புருஷாமிருகம்னு பாதி மனுஷன் பாதி மிருகமா ஒரு சிவபக்தன், அது துரத்த பீமன் அப்படிக் கூப்பிட்டுக்கிட்டுதான் முன்னால ஓடினானாம், அந்தக் கதை.

ஓட்டத்துல குறையே இல்ல. குறை மறுநாள்தான். மத்தியானம் தூங்கி எழுந்ததும், காப்பியில சீனி கம்மின்னு வீட்டுக்காரி மேல பாஞ்சுட்டேன். பக்கத்துல இருந்த பையன், "அப்பா, பன்னெண்டு கோயிலும் பாத்தாச்சா?"ன்னு கேட்டான். நக்கலா நிஜமாவே கேட்டானான்னு இன்னும் புரியல.

அதுல இருந்து ஒரு முகம் மனசுல வந்துக்கிட்டே இருக்கு. நாலாவது கோயில் திருநந்திக்கரை முடிச்சு பொன்மனைக்குப் போற வழி. நடுராத்திரி. ரப்பர்த் தோட்டத்துல இலையெல்லாம் கொட்டிக் கிடந்து, வெறுங்காலுக்குக் கீழ அப்பளம் மாதிரி நொறுங்குது. ஒரு வீட்டு முற்றத்துல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல ஒரு பாட்டி கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஒரு கடவம் (ஓலைப்பெட்டி) நிறைய பிலா இலை. ஒவ்வொண்ணா எடுத்துக் குவிச்சு, ஈர்க்கில் துண்டால ஒரு குத்து. கரண்டி ரெடி. கையைப் பாக்காமலே செய்றாங்க, கண்ணு எங்க மேலதான்.

"எத்தன கோயில் ஆச்சு மக்களே?"

"நாலு பாட்டி. நீங்க ஓடியிருக்கீங்களா?"

"நான் எங்க ஓட? பால்வெட்டுக்காரி. இப்ப இலை உதிர்ந்து வெட்டு நிப்பாட்டியிருக்கு, அதான் இங்க நிக்கேன். மத்த நாள் மூணு மணிக்கு தலையில லைட்ட மாட்டிட்டு எறங்கணும். முந்நூறு மரம் இருக்கு. மரத்துக்கு ஒரு நமசிவாயம் சொல்லுவேன். சில நாள் கணக்கு விட்டுப் போவும். அப்ப கொசுவத் திட்டிட்டு மறுபடி தொடங்குவேன்."

கஞ்சியும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் (துவையல்தான்) இறங்கினது தெரிஞ்சது. அவங்க சொன்னது மட்டும் அன்னைக்கு இறங்கல. வருஷத்துல ரெண்டு நாள் ஓடுறவன் நான், அவங்க தினமும். உங்களுக்கு இப்படி யாராவது எதிர்ப்பட்டிருந்தா எழுதுங்க.

குழித்துறையிலிருந்து ஒரு செவிலியர்:

அண்ணா, எங்க ஊர்ல அந்தி விளக்கு வச்சதும் பிள்ளைகளை முன்னால உக்கார வச்சு நாமம் சொல்ல வைக்கிறது வழக்கம். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதானே நாமளும், அந்தப் பழக்கம் கேரள எல்லைக் கல்லுக்கு ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு. ஆனா எனக்கு திருவனந்தபுரத்துல ஷிப்ட் வேலை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரயில்ல இருப்பேன். மாமியார் வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா விளக்குத் திரியைக் கொஞ்சம் ஓங்கித்தான் கிள்ளுவாங்க.

ஒரு நாள் நெய்யாற்றின்கரை தாண்டி இருட்டத் தொடங்குது. எதிர் சீட்டுல ஒரு சேச்சி. மீன் வித்த வெறும் பாத்திரம் காலடியில. செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாங்க, முந்தானையால கையைத் துடைச்சாங்க, கண்ணை மூடினாங்க. உதடு மட்டும் அசையுது. பாறசாலை வந்ததும் கண்ணைத் திறந்து செருப்பைப் போட்டுக்கிட்டு, "மோளே, இது பாறசாலையல்லே?"ன்னு கேட்டு எறங்கிப் போயிட்டாங்க. என்ன சாமி, எந்த மதம், ஒண்ணும் தெரியாது. இப்ப நானும் அந்த நேரத்துக்கு செருப்பைக் கழட்டுறேன். டிடிஆர் ஒரு மாதிரி பாக்கிறார், பாக்கட்டும்.

நகரியிலிருந்து ஒருவர்:

நாங்க ஆந்திரா பக்கம். 1960ல திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போச்சு, நாங்க இங்கயே நின்னுட்டோம். வீட்டுல தமிழ், கடைவீதியில தெலுங்கு, புரட்டாசியில ரெண்டு பாஷைக்கும் ஒரே கோவிந்தா.

சனிக்கிழமை சொம்பைப் புளி போட்டு விளக்கி, நாமம் இட்டு, துளசி சுத்தி, வீடு வீடாப் போய் அரிசி வாங்கி வந்து தளிகை போடணும். நாலு தறி ஓட்டுறவன் தெருவுல நின்னு கேக்குறதான்னு எனக்குக் கூச்சம். அப்பா இருந்த வரைக்கும் அவர்தான் போவார். அவர் போன வருஷம்தான் சொம்பு என் கைக்கு வந்தது.

எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் ஒரு சுவர்த் தகராறு. பதினோரு வருஷமாப் பேச்சு கிடையாது. அந்த வீட்டைத் தாண்டிப் போகலாம்னு வேகமா நடந்தேன். கூட வந்த அம்மா, "சொம்பு எந்த வீட்டையும் தாண்டக் கூடாது"ன்னு நின்னுட்டாங்க. வேற வழியில்லாம "கோவிந்தா"ன்னேன். எனக்கே கேக்கல. பெரியம்மா வெளிய வந்து என் முகத்தைப் பாக்காம சொம்பையே பாத்தாங்க. ரெண்டு கைப்பிடி அரிசி போட்டாங்க. உள்ள திரும்பினவங்க மறுபடி வந்து இன்னொரு பிடி. "இது உங்கப்பாவுக்கு."

சுவர் வழக்கு இன்னும் நடக்குது. அதுல நான் விட்டுக் கொடுக்கப் போறதில்ல, இப்பவே சொல்லிடுறேன்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர்:

நான் அய்யா வழி, அய்யா வைகுண்டரைக் கும்பிடுறவங்க. எங்க சாமிதோப்புப் பதிக்குள்ள (கோயிலுக்குள்ள) சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டி, சட்டை இல்லாம போய் நின்னா உன் மூஞ்சிதான் உனக்குத் தெரியும். 'என்னத்தப் பாக்க'ன்னு சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்ப வண்டிக் கண்ணாடியில பின்னால உக்காந்திருக்கிறவங்களப் பாக்கும்போது சில நேரம் என் மூஞ்சியும் தெரியுது. அதுக்கு மேல எழுத வரல.

பைக்ல 12 கோயிலும் சுத்துறவங்களைப் பத்தி யாராவது பேசுங்கப்பா. அது ஓட்டமா?

களியக்காவிளைக்காரர் மறுபடி:

பைக் சண்டை வேண்டாம் அண்ணே, முட்டு வலி வந்தா நானும் பைக்தான்.

போன ஞாயிறு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. தோட்டமெல்லாம் புது இலை, வெட்டு தொடங்கியாச்சு, மரத்துக்கு மரம் சிரட்டையில பால். "காலம்பற வெட்டிட்டு வந்து இப்பதான் படுத்தாவ, எழுப்பட்டா?"ன்னு மருமக கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். கொண்டுபோன செவ்வாழைச் சீப்பைத் திண்ணையில வச்சேன். பக்கத்துல அந்த ஹெட்லைட் கிடந்தது, பட்டையில பால் காஞ்சு ஒட்டியிருந்தது.

யாரு வந்தான்னு சொல்லணும்னு மருமக கேட்டப்ப, "நாலு கோயில் முடிச்சவன்"னு சொல்லச் சொல்லிட்டு வந்தேன்.