கைசன் தாள் எல்லாம் ஒரே அச்சு: ஏஐ யோசிக்க வைக்குதா, யோசனையைத் தின்னுதா?

ஓசூர்_டூல்ரூம்

சிப்காட்ல ஆட்டோ பாகம் செய்யுற நடுத்தரக் கம்பெனி எங்களோடது. பேர் வேண்டாம். ஆபரேட்டர்கள் மாசா மாசம் கைசன் தாள் எழுதிப் பெட்டியில போடணும். முன்னாடி எப்படி இருந்தது, என்ன மாத்தினோம், என்ன மிச்சம். தேர்வுக் குழுவில நானும் ஒருத்தன். போன வருஷம் வரைக்கும் தாள் வர்றதே குதிரைக் கொம்பு. இப்போ பெட்டி நிரம்பி வழியுது. படிச்சுப் பாத்தா தலை சுத்துது. பாதிக்கு மேல, "காட்சிப் பலகை அமைத்து, பணியாளர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தி, உற்பத்தித் திறனை மேம்படுத்தலாம்". மெஷின் ஷாப்புக்கும் அதே, பெயின்ட் ஷாப்புக்கும் அதே. கேன்டீன்ல சாம்பார் ஊத்துற இடத்துக்கும் அதே பலகை! எல்லாம் சாட்ஜிபிடி கைங்கர்யம்.

முன்னாடி வந்த ஒரு தாளைச் சொல்றேன். டிரில் ஜிக்ல (ஓட்டை போடும்போது பாகத்தைப் பிடிச்சு வைக்கிற அச்சு) பிராக்கெட்டைத் திருப்பி வச்சு ஓட்டை போட்டுடுவாங்க, ரிஜெக்ஷன். ஒரு ஆபரேட்டர் ஸ்கிராப்ல கிடந்த போல்ட்டோட தலையை அறுத்துட்டு, தண்டை ஜிக்கோட ஒரு மூலையில வெல்டு வச்சார். பிராக்கெட்ல அந்த மூலைக்கு நேரா ஏற்கெனவே ஒரு வெட்டு உண்டு. சரியா வச்சா உக்காரும், திருப்பி வச்சா போல்ட் இடிக்கும். தொல்லை அதோட தீர்ந்தது. அவர் எழுதினது மூணே வரி, பேனாவால கிறுக்கின ஒரு படம், நடுவுல எழுத்துப் பிழை வேற. அந்த மாதிரி ஒண்ணு இப்போ வர்றதில்லை. ஏஐ வந்ததும் மூளைக்கு லீவு விட்டாச்சுங்கறது என் கட்சி. மறுக்கிறவங்க வாங்க. கால்குலேட்டர் கதை மட்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு.

போச்சம்பள்ளி_சந்தை

கைசன்னா என்னங்க? ஏதோ சாப்பிடுற ஐட்டம்னு நினைச்சு உள்ள வந்துட்டேன்.

ஓசூர்_டூல்ரூம்

ஜப்பான்காரன் வழி. வேலை செய்யுறவனே தன் வேலையில சின்னச் சின்னத் திருத்தம் சொல்றது. டொயோட்டாவில 1951லயே தொழிலாளர்கிட்ட யோசனை கேக்குற திட்டம் தொடங்கிட்டாங்க. ஃபோர்டு கம்பெனியைப் பாத்துட்டு வந்து செஞ்சது அது.

ஐடி_ராயக்கோட்டை

சார், உங்க பெட்டியை வச்சு உலகத்தை அளக்காதீங்க. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில கோடு எழுதுறவன், தினமும் ஏஐ கூடத்தான் வேலை. 2023ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. 453 பட்டதாரிகளுக்கு எழுத்து வேலை கொடுத்தாங்க. சாட்ஜிபிடி வச்சிருந்தவங்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைஞ்சது, தரம் 18 சதவீதம் கூடிச்சு. அதே வருஷம் ஹார்வர்டு ஆளுங்க பாஸ்டன் கன்சல்டிங் குரூப்ல 758 பேரை வச்சுப் பாத்தாங்க, அங்கயும் தரம் 40 சதவீதம் மேல. புதுப் பொருள் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்கூடத்துல ஏஐ கொடுத்ததும் கண்டுபிடிப்பு 44 சதவீதம் ஏறிச்சுன்னு 2024ல ஒரு கட்டுரை. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

கிருஷ்ணகிரி_விரிவுரையாளர்

தம்பி, அந்த 44 சதவீதத்தை இனிமே எங்கயும் எழுதாதீங்க. அந்தக் கட்டுரையை எழுதின மாணவர் படிச்ச எம்ஐடியே 2025 மே மாதம், அதன் தரவுகள் மேல தங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு அறிவிச்சு, அது ஏறியிருந்த arXiv கட்டுரைத் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டது.

ஹார்வர்டு ஆய்விலும் பாதியைத்தான் சொன்னீங்க. ஏஐக்குக் கைவராத மாதிரி ஒரு கணக்கையும் வேணும்னே அதில வச்சிருந்தாங்க. ஏஐ இல்லாதவங்கள்ல 84 சதவீதம் பேர் சரியா முடிச்சாங்க. ஏஐ வச்சிருந்தவங்க சராசரியா 19 புள்ளி கீழே. படிப்பில குறைஞ்சவங்க இல்லை. கையில இருந்தது வழவழன்னு ஒரு பதில் கொடுத்தது, நம்பிட்டாங்க.

டூல்ரூம் சார் சொல்ற கூத்துக்கு நேரா ஒரு ஆய்வு உண்டு. 2024ல சயன்ஸ் அட்வான்சஸ்ல வந்தது. கிட்டத்தட்ட 300 பேரைச் சின்னக் கதை எழுதச் சொன்னாங்க. சிலருக்கு மட்டும் ஏஐ கரு எடுத்துக் கொடுத்தது. அவங்க கதைகள் தனித்தனியாப் பாக்க நல்லா இருந்தது, அதிலும் கற்பனை கம்மியா இருந்தவங்களுக்குத்தான் ஏற்றம் அதிகம். எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சாயல். ஒவ்வொருத்தருக்கும் லாபம், மொத்தத்தில் நஷ்டம். உங்க பெட்டிக்குள்ள இருக்கிறதும் அதுதான்.

பாலக்கோட்டான்

நான் அந்தத் தாள் எழுதுற கூட்டத்துல ஒருத்தன். வேற கம்பெனி. ஐடிஐ முடிச்சு சிஎன்சி லேத்துல, அதான் கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மெஷின்ல நிக்கிறேன். அண்ணா, உங்க தாள் எந்த மொழியில இருக்கு? எங்களோடது இங்கிலீஷ்ல. எங்களுக்குத் தோணாமலா இத்தனை வருஷம் தாள் போடாம இருந்தோம்? எழுதத் தெரியல. சூப்பர்வைசர்கிட்ட வாயில சொன்னா, அடுத்த மாசம் அவர் பேர்ல பரிசு வரும். இப்போ போன்ல தமிழ்ல பேசுறேன், அது இங்கிலீஷ்ல எழுதிக் கொடுக்குது. என் பேர்ல போகுது.

ஒரு உதாரணம். ஓசூர்ல மார்கழி தை மாசம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஸ்வெட்டர் போட்டுட்டுதான் மெஷின்கிட்ட நிப்போம். அந்த நேரத்துல முதல்ல வர்ற பீஸ் எல்லாம் அளவு தள்ளி வரும். கொஞ்ச நேரம் ஓடினா தானா சரியாகும். நாங்க ஆஃப்செட்டை (மெஷின்ல அளவைச் சரிக்கட்டுற எண்) தட்டிக்கிட்டே இருப்போம், மறுபடி மாத்துவோம். இது ஏன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. ஏஐகிட்ட கேட்டேன். ராத்திரி நின்னு கிடந்த மெஷின்ல ஸ்பிண்டில் (சுத்துற தண்டு), பால் ஸ்குரூ (மெஷினை நகர்த்துற திருகு) எல்லாம் குளிர்ந்து இருக்கும், ஓட ஓட சூடேறி நீளும்னு சொல்லிச்சு. 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி ஏறினா சுமார் 12 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல 12 பங்கு) நீளுமாம். எங்க டாலரன்ஸே, அதாவது அளவு எவ்வளவு தள்ளலாம்ங்கற வரம்பே, அதைவிடக் கொஞ்சம்தான் பெருசு! ஷிஃப்ட் தொடங்கினதும் எப்படியும் செக்லிஸ்ட் எழுதுறோம், சுத்தம் பண்றோம். அந்த நேரம் மெஷினை வெறுமனே ஓடவிடலாம்னு எழுதிப் போட்டேன். பீஸ் தள்ளுறதைப் பாத்தது நான். காரணம் சொன்னது ஏஐ. செக்லிஸ்ட் நேரத்தைப் பிடிச்சது நான். இது மூளைக்கு லீவா?

அந்தத் தாளை என்ன பண்ணாங்க தெரியுமா? நடை நல்லா இருந்ததால ஏஐ எழுதினதுன்னு ஓரம் கட்டிட்டாங்க. உங்களை மாதிரி ஒரு குழுதான்.

ஐடி_ராயக்கோட்டை

அண்ணா, கைதட்டல்.

தர்மபுரி_ஃபிளக்ஸ்

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்டிங் கடை வச்சிருக்கேன். ரெண்டு கட்சிக்கும் நடுவுல நிக்கிறவன். கஸ்டமர் இப்போ வாட்ஸ்அப்ல டிசைனோடவே வர்றாங்க. காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்கு ஒரு பையன் ஏஐ அங்காளம்மன் கொண்டு வந்தான். பளிங்குக் கோயில், வெள்ளைத் தோல், வடநாட்டு முகம், கன்னத்துல குழி வேற. கீழ தமிழ் எழுத்துன்னு ஏதோ புழு நெளியுது. "ஏம்ப்பா, உங்க ஊர் அம்மன் இப்படியா இருக்கா?"ன்னு கேட்டா, "அழகா இருக்குல்லண்ணா"ங்கறான். நாக்கு துருத்தி, கண்ணு பிதுங்கி, கபாலம் ஏந்தினவளை நான்தான் வரைஞ்சு கொடுத்தேன். அடுத்த கஸ்டமர் கொண்டு வந்ததும் அதே பளிங்கு அம்மன்!

இன்னொரு பக்கமும் சொல்லணும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு, கல்யாண குரூப் போட்டோல மூணாவது வரிசையில நிக்கிறவரை வெட்டிக் கொண்டு வருவாங்க, தபால் தலை அளவு. அதைப் பெருசாக்குற வேலைக்கு மட்டும் ஏஐக்குக் கோயிலே கட்டலாம். ஆனா கவனம் வேணும். தெரியாத இடத்தை அது தானா நிரப்பும். ஒருத்தருக்கு அம்மைத் தழும்பை அழிச்சு, மீசையைத் தடிமனாக்கி, பத்து வயசு குறைச்சிடுச்சு. பாத்துட்டு மக சொல்லுச்சு, "அண்ணா, இது எங்க அப்பா இல்ல." தழும்பை நான் கையால திரும்ப வச்சேன்.

என் கவலை கடைப் பையனைப் பத்தி. பென் டூல் பிடிச்சு முடி ஓரமா வெட்டக் கத்துக்கவே மாட்டேங்கறான். அது தப்புப் பண்ணா எது தப்புன்னே அவனுக்குத் தெரியாது.

ஐடி_ராயக்கோட்டை

ஏஐ பாத்து மனுஷன் புதுசா யோசிச்ச கதையும் இருக்கு சார். 2016ல ஆல்ஃபாகோங்கற ஏஐ, கோங்கற பலகை ஆட்டத்துல கொரியா வீரர் லீ செடோலை 4-1னு ஜெயிச்சது. அதுக்கப்புறம் உலகத்து வீரர்கள் அதுவரைக்கும் வைக்காத இடங்கள்ல காய் வைக்கிறதை அதிகமா ஆட ஆரம்பிச்சாங்க, ஆட்டத் தரமும் ஏறிச்சுன்னு 2023ல ஆய்வு வந்தது. இது எம்ஐடி கட்டுரை மாதிரி இல்ல மேடம், தாராளமா சரிபார்த்துக்குங்க.

கிருஷ்ணகிரி_விரிவுரையாளர்

அது சரியான ஆய்வுதான். ஆனா கோ பலகையில தப்பா வச்சா தோத்துப் போவீங்க, பலகையே தண்டிக்கும். கைசன் தாள்ல தப்பா எழுதினா யார் தண்டிக்கிறா? பரிசுதானே கொடுக்கிறீங்க? டூல்ரூம் சார், நேராவே கேக்கிறேன். ஆளுக்கு மாசம் இத்தனை தாள்னு டார்கெட் உண்டா?

ஓசூர்_டூல்ரூம்

உண்டு. ஆளுக்கு ரெண்டு. ஆடிட்ல காட்டணும்.

கிருஷ்ணகிரி_விரிவுரையாளர்

அப்போ ஆபரேட்டர் ஏஐகிட்ட போனதுல ஆச்சரியம் என்ன? எண்ணிக்கை கேட்டீங்க, எண்ணிக்கை வந்தது. பாலக்கோடு தம்பி மாதிரி மெஷின்ல எதையோ பாத்துட்டு ஏஐகிட்ட போறவர் வேற. எதையும் பாக்காம, "பத்து கைசன் ஐடியா கொடு"ன்னு கேக்கிறவர் வேற. ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போட்டு, நடையை வச்சுப் பிரிக்கப் பாக்கிறீங்க. நடையில தெரியாது.

ஓசூர்_டூல்ரூம்

நடையில தெரியாதுங்கறது ஞாயம். டார்கெட்டை எடுக்க என் கையில அதிகாரம் இல்லை. குழுவில ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்: தாள் யார் எழுதினா என்ன, மெஷின்கிட்ட நின்னு பிரச்சினையைக் காட்டணும், முடிஞ்சா ஒரு பேட்ச் ஓட்டிக் காட்டணும். அப்புறம்தான் பெட்டி. ஆனா ஏஐ கொடுத்த பொதுப் பலகையைத் தூக்கிட்டு வர்றவனைத் திட்டுறதை நான் விட மாட்டேன்.

பாலக்கோட்டான்

பேட்ச் ஓட்டிக் காட்ட மெஷினை யாரு தருவா? ப்ரொடக்ஷன் டார்கெட் நடுவுல பத்து நிமிஷம் கேட்டா சூப்பர்வைசர் முறைக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாள்லயே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நாங்க காட்டுறோம்.

இன்னொண்ணு அண்ணா. ஆபரேட்டர் எழுதினா ஏஐயான்னு பாக்கிற குழு, மேனேஜர்கள் ரிவ்யூ மீட்டிங்ல போடுற பிபிடியையும் ஒரு தடவை அதே கண்ணாடி போட்டுப் பாத்துச் சொல்லுங்க.

தர்மபுரி_ஃபிளக்ஸ்

அந்த பிபிடியை இங்க போடுங்கப்பா. பளிங்கு அம்மன் இருக்காளான்னு நான் பாக்கிறேன்.